பறங்கிமலை: பலர் ஏறிய குன்று

கண்டியில் பிறந்தவர்களுக்கு மலை ஒரு புதினம் அல்ல. ஜன்னலைத் திறந்தால் மலை. பாடசாலைக்குப் போனால் ஏற்றம், வீட்டுக்குத் திரும்பினால் இறக்கம். எந்நேரமும் கண்முன் இருப்பதனாலோ என்னவோ, ஒரு மலையைப் பார்த்து "உன் கதை என்ன?" என்று நாம் கேட்பதில்லை. நான் அப்படிக் கேட்டது நமது மலை ஒன்றைப் பார்த்து அல்ல, கடலுக்கு அப்பால் சென்னையில் இருக்கும் ஒரு சிறு குன்றைப் பார்த்து. அதன் பெயர் பறங்கிமலை. தமிழ்நாட்டில் இதைப் பரங்கிமலை என்று எழுதுவார்கள். புனித தோமையார் மலை என்பது அதன் மற்றப் பெயர்.

இதன் உயரம் ஏறத்தாழ 300 அடி, அதாவது 90 மீற்றர். நமது கண்டி நகரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் இதை மலை என்று சொல்ல நமக்கு நா எழாது. ஆனாலும் வியாபாரத்துக்காகவும் வைத்தியத்துக்காகவும் சென்னைக்குப் போய்வரும் நமது பெற்றோரில் அநேகமானோர் இக்குன்றைத் தெரியாமலே கடந்திருப்பார்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு மிக அருகில், உச்சியில் வெள்ளைத் தேவாலயத்துடன் நிற்பது இதுதான்.

குன்று ஏன் பெரிதானது?

ஒரு மலையின் பெருமை அதன் உயரத்தில் மட்டும் இல்லை, அதைச் சுற்றியுள்ள நிலத்திலும் இருக்கிறது. பறங்கிமலையைச் சுற்றிலும் சமதரை. கிழக்கே பத்துக் கிலோமீற்றருக்குள் வங்காள விரிகுடா. ஆகவே 90 மீற்றர் அங்கே பெரிய உயரம்.

இதைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். பூமி உருண்டையானது என்பதால் நமது பார்வை ஓர் எல்லையில் முடிகிறது. கண் இருக்கும் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது என்பது ஏறத்தாழக் கிடைக்கும். கடற்கரையில் நிற்கும் ஒரு மாணவியின் கண் ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருந்தால், அவளுக்குத் தெரியும் கடல் நாலரைக் கிலோமீற்றர் கூட இல்லை. பறங்கிமலை உச்சியில் நிற்பவருக்கோ சுமார் 34 கிலோமீற்றர். அதே கணக்கு எதிர்ப்பக்கமும் பொருந்தும். கப்பலில் வருபவருக்குக் கரை தெரிவதற்கு முன்னரே குன்று தெரியும். வெளிச்சவீடுகள் இல்லாத காலத்தில் இக்குன்றின் உச்சியில் இரவில் தீ மூட்டிக் கப்பல்களுக்கு வழிகாட்டினார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

நமது நாட்டிலும் கடலோடிகளுக்கு அடையாளமாக நின்ற மலை ஒன்று உண்டு. பாவா ஆதம் மலையின் உயரம் 2,243 மீற்றர். 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த பயணி இப்னு பதூதா, கரையை அடைவதற்கு நெடுநேரம் முன்பே அம்மலை புகைத்தூண் போல வானில் தெரிந்ததாக எழுதியிருக்கிறார். அவர் எழுதியது கற்பனை அல்ல என்பதை மேற்சொன்ன கணக்கும் சொல்கிறது. அம்மலையை நான்கு சமயத்தவரும் போற்றுகிறார்கள். பறங்கிமலையின் கதையிலும் ஒரு சமயத்தவர் மட்டும் இல்லை.

தோமையாரும் ஹவாரிய்யூன் என்ற சொல்லும்

ஈஸா (அலை) அவர்களின் சீடர்களில் ஒருவரான தோமையார் கி.பி. 52இல் கேரளக் கரையில் இறங்கி, பின்னர் மயிலாப்பூர்ப் பகுதிக்கு வந்து, கி.பி. 72இல் இக்குன்றில் கொல்லப்பட்டார் என்பது கிறிஸ்தவர்களின் மரபு. அவரது உடல் அடக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இடம் மயிலாப்பூரின் சாந்தோம் தேவாலயம்.

இங்கே நமது மாணவிகள் கவனிக்கவேண்டிய ஒரு செய்தி உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கமாக வந்த இத்தாலியப் பயணி மார்க்கோ போலோ, தோமையாரின் அடக்கத்தலத்துக்குக் கிறிஸ்தவர்கள் மட்டுமன்றி முஸ்லிம்களும் போய்வந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்த முஸ்லிம்கள் தோமையாரை 'அவாரியன்' என்று அழைத்தார்களாம். இந்தச் சொல் என்னவென்று ஆராய்ந்தவர்கள், இது 'ஹவாரீ' என்ற அரபுச் சொல்லின் திரிபாக இருக்கலாம் என்றார்கள்.

ஹவாரிய்யூன் என்ற சொல் நமக்குப் புதியதா? அல்குர்ஆனின் ஆல இம்ரான், அல்மாயிதா, அஸ்ஸஃப் ஆகிய அத்தியாயங்களில் ஈஸா (அலை) அவர்களின் உதவியாளர்களைக் குறிக்க இச்சொல்லே வருகிறது. அவர்களின் பெயர்கள் குர்ஆனில் சொல்லப்படவில்லை. ஆனால் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் சோழமண்டலக் கரையில் வாழ்ந்த முஸ்லிம்கள், தமது வேதத்தில் ஓதிய ஒரு சொல்லால் அயலவரின் பெரியவர் ஒருவரை மரியாதையாக அழைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. இதை வாசித்தபோது நூலகத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன்.

பாரசீகச் சிலுவை, ஆர்மீனியப் படிகள்

போர்த்துக்கேயர் 1523இல் இக்குன்றின் உச்சியில் அன்னை மரியாளின் பெயரால் தேவாலயம் கட்டினார்கள். 1547இல் அங்கே அத்திவாரம் தோண்டியபோது கல்லில் செதுக்கிய சிலுவை ஒன்று கிடைத்தது. இன்றும் அது பீடத்தில் இருக்கிறது. இச்சிலுவை குருதி சிந்தியதாகக் கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 18ஆம் திகதி திருவிழா நடக்கும். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் 1986 பெப்ரவரியில் இங்கே வந்து போயிருக்கிறார்.

சிலுவையைச் சுற்றியுள்ள எழுத்தைப் பார்த்தால் ஆச்சரியம் கூடும். அது தமிழோ இலத்தீனோ அல்ல. பஹ்லவி, அதாவது பழைய பாரசீகத்தின் எழுத்து. போர்த்துக்கேயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் அங்கே வாழ்ந்ததற்கு அதுவே சாட்சி. இத்தகைய கிறிஸ்தவர்களுடையது எனக் கருதப்படும் சிலுவை ஒன்று நமது அநுராதபுரத்திலும் 1912இல் கண்டெடுக்கப்பட்டது. கடல் வாணிபம் எல்லோரையும் ஒரே கரைகளில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

அடிவாரத்திலிருந்து உச்சிவரை நூற்றுக்கு மேற்பட்ட கற்படிகள் இருக்கின்றன. இவற்றை 1726இல் கட்டுவித்தவர் பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். குன்றுக்கு வரும் வழியில் குறுக்கே ஓடும் அடையாற்றின் மேல், சைதாப்பேட்டையில் ஒரு பாலத்தையும் அவர் தமது செலவிலேயே கட்டினார். யாத்திரிகருக்காகக் கட்டிய பாலத்தில் சந்தைக்குப் போனவரும் நடந்தார், மாட்டுவண்டியும் போனது. நமது மார்க்கத்தில் ஸதகத்துல் ஜாரியா என்று சொல்வோமே, கொடுத்தவர் மறைந்த பின்னரும் ஓடிக்கொண்டிருக்கும் தர்மம், அது என் நினைவுக்கு வந்தது.

பூமியை அளந்த குன்று

பறங்கிமலைக்கு இன்னொரு புகழும் உண்டு. புவியியல் படிக்கும் மாணவிகள் இதை அறிந்திருக்க வேண்டும். இந்தியா முழுவதையும் அளந்து தேசப்படம் வரையும் பெரும் பணிக்கான முதல் கோடு இங்கேதான் அளக்கப்பட்டது. 1802 ஏப்ரல், மே மாதங்களில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, பறங்கிமலையையும் தெற்கே பெரும்பாக்கத்துக் குன்றையும் இணைக்கும் ஏழரை மைல் நீளமான அடிக்கோட்டை அளந்தார். கருவி, 100 அடி நீளமான உருக்குச் சங்கிலி. வெயிலில் உருக்கு நீளும் அல்லவா? அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, அருகே வெப்பமானிகளை வைத்து, வெப்பத்துக்கு ஏற்பக் கணக்கைத் திருத்திக்கொண்டே போனார்கள்.

ஒரு கோட்டை மட்டும் இவ்வளவு கவனமாக அளந்தது ஏன்? சாதாரண தரக் கணிதத்தில் நாம் படித்த முக்கோணம்தான் விடை. ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் நடந்துபோய் அளக்கத் தேவையில்லை, கணித்துவிடலாம். கிடைத்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. கோணம் அளக்க ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு தெரிய வேண்டும். ஆகவே குன்றுகள் வேண்டும், கோயில் கோபுரங்களிலும் ஏற வேண்டும். குன்றே இல்லாத வட இந்தியச் சமவெளியில் இதற்காகவே கோபுரங்கள் கட்டினார்கள். இப்படித் தொடர்ந்த வேலை இமயமலைவரை போனது. உலகின் மிக உயர்ந்த சிகரம் எதுவென்று 1852இல் கணித்துச் சொன்ன வங்காளக் கணித அறிஞர் ராதாநாத் சிக்தார் இந்த அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்தவரே. அந்தச் சிகரத்துக்கு 1865இல் எவரெஸ்ட் என்று பெயர் வைத்தார்கள்.

குன்றின் மேல் நின்று பூமியை அளக்கும் எண்ணம் அதற்கும் முந்தியது. 11ஆம் நூற்றாண்டில், இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் உள்ள நந்தனா கோட்டைக்கு அருகே ஒரு குன்றின் மேல் நின்றார் அல்பிரூனி. முதலில் அக்குன்றின் உயரத்தைக் கணித்தார். பிறகு உச்சியிலிருந்து அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்ற கோணத்தை அளந்தார். இவ்விரண்டையும் கொண்டு பூமியின் ஆரையைக் கணக்கிட்டார். நமது அல்பிரூனியின் பெயரைப் பெருமையோடு சொல்லும் நாம், லாம்டனின் பெயரையும் சிக்தாரின் பெயரையும் அதே மரியாதையோடு சொல்வதுதான் அறிவுக்கு அழகு.

பெயரில் இருக்கும் காயம்

'பறங்கி' என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐரோப்பியரில் ஒரு பிரிவினரான பிராங்க் இனத்தவரை அரபு மக்கள் ஃபரன்ஜ் என்றும் பாரசீகர் ஃபரங்கி என்றும் அழைத்தார்கள். நாளடைவில் எல்லா ஐரோப்பியருக்கும் அது பெயரானது. அச்சொல்லே தமிழில் பறங்கி ஆயிற்று. தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் பறங்கிப்பேட்டையின் பெயரிலும், நமது நாட்டில் பறங்கியர் என்று நாம் அழைக்கும் சமூகத்தின் பெயரிலும் அதே சொல் இருக்கிறது.

இலங்கை முஸ்லிம்களுக்கு அந்தப் பெயருடன் ஒரு பழைய காயமும் உண்டு. போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள். 1626இல் அவ்வாறு விரட்டப்பட்டவர்களைக் கண்டி மன்னன் செனரத் ஏற்றுக்கொண்டு, சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கொழும்பு வீதியில் கடுகண்ணாவைக்கு அருகே பலன என்றொரு கணவாய் இருக்கிறது. சிங்களத்தில் பலனவா என்றால் பார்த்தல். போர்த்துக்கேயப் படை ஏறிவருகிறதா என்று கண்டி வீரர் காவல் பார்த்த இடம் அது.

அதே கண்டிதான் கத்தோலிக்கருக்கும் புகலிடம் கொடுத்தது. போர்த்துக்கேயரை வென்ற ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தார்கள். அப்போது கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசப் வாஸ் அடிகளார் 1692இல் கண்டியை அடைந்தார். ஒற்றனோ என்ற சந்தேகத்தில் முதலில் சிறை வைக்கப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சுதந்திரமாக நடமாட அனுமதித்தான். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, மற்றவர்கள் கிட்டப் போகவே பயந்த நோயாளிகளை அவர் பராமரித்தார். 1711இல் கண்டியிலேயே மரணமானார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஆக, ஒரு ஐரோப்பிய வல்லரசு விரட்டிய முஸ்லிம்களையும், இன்னொரு ஐரோப்பிய வல்லரசு விரட்டிய கத்தோலிக்கரையும் இந்த மலைநாடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. நாம் இரு சாராரும் ஒரே கூரையின் கீழ் ஒதுங்கியவர்கள்.

அயலிலுள்ள மலை

இக்குன்றைப் பற்றி எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் அம்பிட்டியவில் வசிக்கிறேன். எமது ஊரில் உயரமான இடத்தில் இருக்கும் பெரிய கட்டிடம் கத்தோலிக்கக் குருமடம். 1893இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் மாணவர்களுக்காக அதை ஆரம்பித்தார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் எமது ஊருக்கு வந்து படித்திருக்கிறார்கள். 1955இல் அந்தக் கல்விக்கூடம் பூனா நகருக்கு மாற்றப்பட்டது. அதன் பின் அவ்விடம் இலங்கையின் தேசிய குருமடமாகியது.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தபோது நான் ஆறாம் தரத்தில் இருந்தேன். செய்தவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். மறுபடி பாடசாலை தொடங்கியபோது, குருமடத்தைக் கடக்கும் இடத்தில் எங்கள் வேனில் சத்தம் நின்றுவிடும். யாரும் எங்களை அப்படி இருக்கச் சொல்லவில்லை. நாங்களாகவே பேச்சை நிறுத்திக்கொள்வோம். அங்கே இருப்பவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற பயம்தான். பல வருடங்களாக அந்தக் கட்டிடத்தை நான் நேராகப் பார்த்ததே இல்லை.

சென்ற ஆண்டு உம்மும்மாவின் கண் வைத்தியத்துக்காக நாங்கள் சென்னைக்குப் போயிருந்தோம். வைத்தியம் முடிந்த மறுநாள் வாப்பா எங்களைப் பறங்கிமலைக்குக் கூட்டிப்போனார். உம்மும்மாவால் படியேற முடியாது என்பதால் வாகனப் பாதையால் போனோம். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் விமானங்கள் இறங்கும் ஓடுபாதை, மறுபக்கம் நகரம். அபாயாவுடன் தேவாலய வாசலுக்குக் கிட்டப் போக எனக்குத் தயக்கமாக இருந்தது. உம்மும்மாதான், "மகள், நாங்க உள்ளுக்குப் போகலாமா? கேட்டுப் பாருங்க" என்றார். வாசலில் கூட்டிக்கொண்டிருந்த பெண்மணி, நான் வாய் திறக்கும் முன்னரே, "வாங்கம்மா, தாராளமா வாங்க. பாட்டியப் பாத்துக் கூட்டிட்டு வாங்க, படி வழுக்கும்" என்று ஒரு கையைக் கொடுத்தார்.

உள்ளே நாங்கள் சில நிமிடங்கள்தான் நின்றோம். சிலுவையைச் சுற்றியிருந்த எழுத்தைப் பார்த்தேன். அவர்களுடைய வணக்கம் அவர்களுக்கு, எங்களுடைய வணக்கம் எங்களுக்கு. அதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. மரியாதையோடு பார்ப்பதும் அறிந்துகொள்வதும் வேறு விடயம். மடங்களும் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இடிக்கப்படாமல் காக்கப்படுவதைப் பற்றி அல்ஹஜ் அத்தியாயத்தின் 40ஆம் வசனம் பேசுகிறது. அதை ஓதும் நாம் அயலவரின் ஆலயத்தைக் கண்டு முகத்தைத் திருப்ப வேண்டிய அவசியம் இல்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

அடுத்த முறை சென்னைக்குப் போகும் பெற்றோர் அரை நாளை இக்குன்றுக்காக ஒதுக்கிப் பாருங்கள். ரயிலும் மெட்ரோவும் பரங்கிமலை என்ற பெயருள்ள நிலையத்திலேயே நிற்கும். படியாலும் ஏறலாம், வாகனத்திலும் போகலாம். பிள்ளைகளுக்குக் கணிதமும் வரலாறும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

ஆனால் எல்லோரும் கடல் கடக்கத் தேவையில்லை. பலன கணவாயும், கடுகண்ணாவையில் 1832இல் கட்டிய டோசன் கோபுரமும், அம்பிட்டியக் குருமடமும் நமக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கின்றன. உயர்தர மாணவிகளாகிய நாங்கள் இவ்விடங்களுக்கு ஒரு கல்விச் சுற்றுலா போக ஆசைப்படுகிறோம். குருமடத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டு, எங்கள் ஆசிரியைகளுடன், எங்கள் ஹிஜாபுடன் போவோம். அதற்கான சம்மதக் கடிதம் வீட்டுக்கு வரும்போது, "அங்கே உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கையொப்பமிட்டுத் தாருங்கள். குருமடத்தைக் கடக்கும்போது வேனில் தங்கைமார் வழமைபோலச் சத்தம் போட்டுக்கொண்டே போக வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.